அங்கமுத்து தின்னாத வாழைப்பழம்

"இன்னிக்கு என்னங்ப்பா சாப்ட்டீங்க?" என்று பெங்களூரிலிருந்து சௌமியா கேட்டபோது, அங்கமுத்துவின் வாயிலிருந்து ஒரு பொய் தானாக விழுந்தது.

"ரெண்டு இட்லி சாமி. அப்பறம்... ஒரு ரஸ்தாளிப் பழம்."

எருமப்பட்டியில் தனியாக இருக்கும் அந்த முன்னாள் போர்வெல் ரிக் வண்டி டிரைவர், பழத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. ஊரில் எல்லார் உடம்புக்கும் தெம்பு தருகிற பொட்டாசியம் அவருக்கு மட்டும் ஆகாது. கிட்னி பலவீனம். மிஞ்சுகிற பொட்டாசியத்தை வெளியே தள்ள அதற்கு முடியவில்லை, ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வாழைப்பழம், இளநீர், கீரை எல்லாவற்றுக்கும் தடை. காயைக்கூட நறுக்கி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். அங்கமுத்து அத்தனையும் ஒழுங்காகச் செய்தார். குழம்பு அவருடைய நாட்களைப் போலவே சப்பென்று இருந்தது.

ஒழுங்காக இருந்ததில்தான் வந்தது வினை. தினமும் மகள் கேட்பாள், இவர் சொல்வார், "சரிங்ப்பா, வெக்கறேன்" என்பாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் டிவிதான் பேச வேண்டும். மனைவி போன பிறகு இவருக்கென்று வாய் திறக்க வேறு யாரும் இல்லை.

பழம் என்றதும் அன்றைக்கு அவள் போனை வைக்கவில்லை. திட்ட ஆரம்பித்தாள். வண்டி ஓட்டிய காலத்திலிருந்தே நீங்கள் யார் பேச்சையும் கேட்டதில்லை என்றாள். அம்மா இருந்தால் இப்படி நடக்குமா என்றாள். அந்த வேகத்தில் தன் ஆபீஸ் மேனேஜரையும் சேர்த்துத் திட்டினாள். கோபம் தணிந்ததும், மாடியில் காயப்போட்ட துணி மழையில் நனைந்த கதையையும் சொன்னாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அங்கமுத்து திட்டு வாங்கியதே இல்லை.

மறுநாள் இளநீர் குடித்தார். அதாவது போனில் குடித்தார். அதற்கடுத்து முருங்கைக்கீரை, பிறகு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. திட்டு நீண்டுகொண்டே போனது. அவரும் ருசித்துக் கேட்டார்.

சௌமியா சும்மா இருப்பாளா? பஸ் ஸ்டாண்டு முக்கில் பழக்கடை வைத்திருக்கும் மணியனைப் போனில் பிடித்து, அப்பாவுக்குப் பழம் கொடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாள். மணியன் வாயில் விழுந்த சேதி ஊர் முழுக்கப் போனது. அங்கமுத்துவைக் கண்டதும் இளநீர்க்காரர் அரிவாளைச் சாக்குக்கு அடியில் ஒளித்தார். ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் வைத்த பழத்தை வைத்தவரே திரும்ப எடுத்துக்கொண்டு போனார். தின்னாத பழத்துக்கு ஊரே காவல் நின்றது.

உள்ளூரில் வழியில்லை என்றால் பொய்யும் வெளியூர் போகத்தானே வேண்டும்?

"நாமக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போயித் தின்னுட்டு வந்தேன் சாமி" என்றார்.

அவள் சொன்னாள்:

"சனிக்கெழம நான் வாரனுங்ப்பா. லேப்புல ரத்தம் குடுத்துப் பாத்துரலாம்."

மகள் வருகிறாள் என்ற சந்தோஷம் அவருக்கு அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை. ரத்தம் பொய் சொல்லாதே! பொட்டாசியம் சரியாக இருந்துவிட்டால் பழமும் பொய், இளநீரும் பொய் என்று தெரிந்துபோகும். அப்புறம் பழையபடி "சரிங்ப்பா, வெக்கறேன்"தான். இதயம் தடுமாறும் என்று டாக்டர் சொன்னதுகூட அவரை இவ்வளவு பயமுறுத்தியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நேராக மணியன் கடைக்குப் போனார்.

"மணியா, நாலு பழம் குடு."

"பாப்பா குடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்க."

அங்கமுத்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தான் ஒரு பழமும் தின்னாததையும், திட்டுக்காகப் பொய் சொன்னதையும், நாளைக்கு ரத்தம் எடுக்கப்போவதையும் ஒன்றுவிடாமல் கொட்டினார்.

"இன்னிக்கித் தின்னாத்தான் நாளைக்கு ரத்தத்துல தெரியும். இல்லாட்டி புள்ள எங்கூடப் பேசறதையே உட்ருவா."

"உசுருக்கே ஆகாதுங்களே?"

"பேச ஆளில்லாத உசுரை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?"

கடைக்கு முன்னால் வாழைத்தாரை மாட்டிக்கொண்டிருந்த மணியன் அதை அப்படியே கீழே இறக்கி வைத்தார்.

"நீங்க பழமே வாங்கறதில்லீன்னு பாப்பா போன் பண்ணுன அன்னிக்கே சொல்லிட்டனுங்க. அதுக்கு அது, 'அப்பாகிட்டச் சொல்லிராதீங்கண்ணா, அவரைத் திட்டற நேரத்துலதான் இந்தப் பெங்களூர்ல எனக்கும் பேச ஒரு ஆளு இருக்குது'ன்னு அழுதுச்சு."