ஆறக் கூடாத தகடு

செவ்வாய்க்கிழமை கீரப்பாளையம் போகும் பேருந்தில் நிற்க இடமிருக்காது. ஊருக்கெல்லாம் செய்வினை, தீர்ப்பதற்கு ஒரே தகட்டுச் சாமியார். வீட்டிலுள்ளவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, சாம்பல்நிறத் தகட்டை அவர் வளைப்பார். எந்தப் பெயருக்கு ஒடிகிறதோ, அவர்தான் குற்றவாளி. அப்புறம் போலீஸ் எதற்கு, கோர்ட் எதற்கு?

கொளஞ்சியம்மாளின் மகனுக்குத் துபாய் விசா தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. மருமகளைக் கூட்டிக்கொண்டு சாமியார் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மருமகள் இசைவாணியின் பெயரைச் சொன்னதும் தகடு முறுக்குப் போல ஒடிந்தது.

"ஓமம் பண்ணணும். இவ கழுத்துச் சங்கிலி காணிக்கை. இல்லன்னா அப்பன் வீட்டுக்கு அனுப்பிடு" என்றார் சாமியார்.

மாமியார் சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தாள். அதுதான் இசைவாணிக்குச் சுருக்கென்று தைத்தது. கடலூர் பாலிடெக்னிக்கில் உலோகவியல் நடத்துபவள் அவள். காலடியில் விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். இரும்பில்லை, அவ்வளவு கனமில்லை. சங்கிலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

இன்னொரு தகடு ஓமத்தீயில் சிவந்தது. இடுக்கியால் எடுத்து மடக்கினார். வெற்றிலையாக மடிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"செய்வினை போச்சு" என்று தகட்டைப் பெட்டிக்குள் போடப் போனார்.

"அது ஆறட்டும் சாமி" என்றாள் இசைவாணி.

"ஆறக் கூடாதும்மா. தகட்டுல இருக்கற தெய்வம் எறங்கிப் போயிடும்."

"செய்வினைதான் போயிடுச்சே. இன்னும் என்ன பயம்?"

"அதானே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சாமியாருக்கு வேறு வழியில்லை.

தகடு ஆறியது. இசைவாணி அதைக் கையிலெடுத்தாள். "இப்ப உங்க பேரச் சொல்லி நிமித்துறேன்."

டக்.

"ஒடிஞ்சிடுச்சே. அப்ப வெச்சது நீங்கதானா சாமி?"

முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது.

"இது டைட்டானியம். ஏதோ கெமிக்கல் கம்பெனி கழிச்சுப்போட்ட சாமான். ஹைட்ரஜன் உள்ள ஏறி, ஹைட்ரைடுன்னு செதில் செதிலா உறைஞ்சு கெடக்கு. அதான் ஒடியுது. நல்லா சூடு பண்ணா, சக்கரப் பாகாட்டம் செதில் கரைஞ்சு வளையும். ஆறினா மறுபடி உறைஞ்சு ஒடியும். யார் பேரும் அதுக்குத் தெரியாது. வேணுங்கற பேர் வரும்போது கொஞ்சம் அழுத்தி வளைச்சாப் போதும்."

அம்பலம் என்பவர் எழுந்து நெருங்கி வந்து சாமியாரை உற்றுப் பார்த்தார். "யோவ், நீ கடலூர்ல காயலாங்கடை வெச்சிருந்த ராஜாமணிதானே?"

சாமியார் அவசர அவசரமாகப் பெட்டியைப் பூட்டினார். இசைவாணி தட்டிலிருந்த சங்கிலியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் கொளஞ்சியம்மாள் மெல்லக் கேட்டாள். "அப்ப செய்வினைய யாருதான் வெச்சிருப்பாங்க?"

"அப்புடி ஒண்ணு இருக்கான்னு மொதல்ல கேளுங்க அத்த."

கிழவி யோசிக்கத் தொடங்கினாள். யோசிக்க மட்டும் காணிக்கை கிடையாது. அதனால்தானோ என்னவோ நம் ஜனங்களுக்கு அதில் மதிப்பில்லை.