எபிசன் பாஸ்டரின் மூக்கு

"டாஸ்மாக் தொறந்தாச்சு, கோயிலு தொறந்தாச்சு, சபைய மட்டும் எதுக்குப் பூட்டி வைக்கணும்? அதச் சொல்லு முதல்ல..."

"தொறங்க, யாரு வேண்டாம்ணா? நெறமாசப் பிள்ளைக்க தலையில அந்த ஆளு கை வைக்கப்பிடாது!"

"அந்த ஆளா? ஏட்டி, தீர்க்கதரிசியாக்கும் அவரு!"

"எனக்க மகளுக்கு மூச்சு முட்டினா உங்க தீர்க்கதரிசியா ஆக்சிஜன் தருவாரு?"

சபைச் செயலாளர் சத்தியநேசனும் அவர் மனைவி தேவகனியும் போட்ட சத்தம் குலசேகரம் சந்தைவரை கேட்டிருக்கும். உள்ளறையில் படுத்திருந்த நிறைமாதக் கர்ப்பிணி மகள் ஜெப்சி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தலை அவளுடையது. அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கொரோனாவுக்குப் பூட்டிய சபையை மறுநாள் திறக்கிறார்கள். வாசலில் காய்ச்சல் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடவேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. அதற்கு வாங்கிய கருவி அலமாரிக்குள் சுகமாகத் தூங்கியது. எபிசன் பாஸ்டருக்குத்தான் மூக்கு இருக்கிறதே! சீக்காளி பிசாசு நாற்றம் நாறுவானாம். விசுவாசி பன்னீர் ரோஜாவாய் மணப்பானாம். பாஸ்டர் ஒருதரம் முகர்ந்தால் போதும், டெஸ்ட் முடிந்தது. முகர்ந்த மறுநொடி காணிக்கைப் பெட்டி தானாகவே பக்கத்தில் வந்து நிற்கும். அதுவும் ஓர் அற்புதம்தான். சபை பூட்டிக் கிடந்தபோதும் புதுக்கடை ஊரிலிருந்தெல்லாம் அவர் வீட்டுக்கு வேன் பிடித்து வந்தார்கள். முகக்கவசமா? அபிஷேக மூக்கைத் துணியால் மூடுவதா!

தேர்தல் வேறு நெருங்கியிருந்தது. கவுன்சிலர் சுயம்புலிங்கம் 'ஆலயம் திறந்த அண்ணன்' என்று வாசலில் பிளெக்ஸ் கட்டிவிட்டார். அதில் அண்ணன் கும்பிட்டார், பாஸ்டர் முகர்ந்தார்.

இந்தச் சண்டையில் அடுப்பில் இருந்த சாளைமீன் குழம்பு கரிந்தது. அந்த நேரம் பார்த்து, விருந்துக்கு அழைத்திருந்த பாஸ்டர் படியேறினார். கரிந்த நெடியில் சத்தியநேசனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாஸ்டரோ, பரிமாறிய குழம்பை வழித்து நக்கினார்.

"ஆகா சிஸ்டர், என்னா மணம்! என்னா ருசி!"

தேவகனி அவர் மூக்கையே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சரி பாஸ்டர், நாளைக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வாறேன். நீங்க முதல்ல எனக்க காணிக்கைய மோந்து பாக்கணும். அதுக்குப் பொறவு அவ தலையில கை வையுங்க."

மனைவி வழிக்கு வந்துவிட்டாள் என்று சத்தியநேசனுக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் சபை வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம் நின்றது. ஜெப்சியை ஆட்டோவை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, தேவகனி துணி மூடிய சட்டியோடு வந்தாள்.

"எனக்க தோட்டத்துக்க முதற்பலனாக்கும் பாஸ்டர். சீக்கா, ஆசீர்வாதமா?"

பாஸ்டர் கண்ணை மூடி, நெஞ்சு புடைக்க இழுத்தார்.

"அல்லேலூயா! பன்னீர் ரோஜா! பரலோகத் தோட்டத்துக்க வாசனை!"

வரிசையில் தாடைகளில் தொங்கிய முகக்கவசங்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக மூக்குக்கு ஏறின. ஒருவர் ஓரமாய்ப் போய் ஓங்கரித்தார். தேவகனி துணியை விலக்கினாள். சட்டி நிறைய ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் ஒட்டிக் காய்ந்து, மழையில் ஊறி அழுகிய கழிவு. பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் ஆளையும் சேர்த்து இறக்கிவிடுவார்.

"இதுவா ரோசா? மணமும் ருசியும் போனா என்ன சீக்குண்ணு டிவியில தெனமும் சொல்லுதாங்களே! செயலாளரே, அந்த அலமாரியக் கொஞ்சம் தொறங்க."

சத்தியநேசன் கருவியைக் கொண்டுவந்து பாஸ்டரின் நெற்றிக்கு நேரே பிடித்தார். அது சிவந்து கத்தியது.

"அது... அபிஷேக அக்கினியாக்கும்," என்றார் பாஸ்டர். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

சத்தியநேசன் திரும்பி, ஆட்டோவுக்குள் வயிற்றைப் பிடித்தபடி இருந்த மகளைப் பார்த்தார். சுயம்புலிங்கம் யாரும் சொல்லாமலே பிளெக்ஸ் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். ஆலயத்தை வேறு யாரோ திறந்திருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தது. தீர்க்கதரிசன மூக்குக்கு முகக்கவசம் மாட்டி ஏற்றிப் போனார்கள். அப்போதும் கூட்டத்தில் ஒரு குரல் கவலையோடு கேட்டது:

"பின்ன, இனி எங்களையெல்லாம் ஆரு மோந்து பாப்பாரு?"

தேவகனி சட்டியை இடுப்பில் ஏற்றினாள்.

"அவருக்குப் போனது மூக்காக்கும், கொஞ்ச நாளில திரும்பி வரும். உங்களுக்கு மூளையாக்கும் போயிருக்கு, அது எப்ப மக்கா வரும்?"