வகிடு எடுத்த ஈ

திண்டுக்கல்லில் ஈ வந்தால் எல்லோரும் விரட்டுவார்கள். நாற்காலி போட்டு எதிரே உட்காரும் ஒரே மனிதர் எங்கள் மாடி வீட்டு ஈ சார்தான். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குளவி மாதிரி மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்குமே, அந்த ஈக்களில் இதுவரை யாரும் பெயர் வைக்காதவற்றைத் தேடிப் பெயர் வைப்பதுதான் அவர் வேலை.

ஒருமுறை வத்தலக்குண்டிலிருந்து திரும்பும்போது பஸ் செம்பட்டியில் நின்றதாம். வேலிப்பூவில் ஒரு ஈ. சார் வலையோடு இறங்கிவிட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

“அக்கா, சார் எறங்கிட்டாரே” என்று கண்டக்டர் பதறினாராம்.

“எறங்கட்டும் தம்பி. ஈ பறந்ததும் அடுத்த பஸ்ல வந்துருவாரு” என்று அவர் மனைவி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாராம்.

எனக்கோ மஞ்சள் கோட்டைக் கண்டாலே நடுக்கம். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று போனில் படித்துப் படித்து, எனக்கே முகம் வீங்கியது போலிருக்கும்.

“நாலு ரெக்கைன்னா குளவி, ரெண்டுன்னா ஈ. ஈ கொட்டாது. எண்ணிப் பாரும்மா” என்பார் சார். பிள்ளையின் கன்னத்தை நோக்கி வருவதன் ரெக்கையை எந்தத் தாய் எண்ணுவாள்?

அந்த ஐப்பசியில் சார் சோர்ந்திருந்தார். எங்கள் வாசல் முருங்கையில் புது இனம் ஒன்று கிடைத்திருந்தது. ஆனால் ஆண் மட்டும். இரண்டு மழைக்காலமாகப் பெண் அகப்படவில்லை. “மாப்பிள்ளைய மட்டும் மணவறையில ஒக்கார வச்ச மாதிரி இருக்கும்மா” என்று தினமும் முருங்கையடியில் காத்திருந்தார்.

ஒரு நாள் காலை அவர் காபிக்கு மாடியேறிய நேரம், மகளின் தலைக்கு மேல் மஞ்சள் கோடு. கொசு பேட்டை வீசினேன். படார். விழுந்ததைக் குனிந்து எண்ணினேன். இரண்டு ரெக்கை.

பெருக்கித் தள்ளிவிடலாமா? சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? சொன்னால் என்ன நினைப்பார்? மருந்து மூடியில் அதை எடுத்துக்கொண்டு, மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதிப்படி வரை மூன்று முறை ஏறி இறங்கினேன். நான்காவது முறை கதவைத் தட்டினேன்.

“சார், குளவின்னு நெனச்சு அடிச்சுட்டேன்.”

லென்ஸை வைத்துப் பார்த்தார்.

“ஆணுக்கு ரெண்டு கண்ணும் உச்சியில ஒட்டியிருக்கும். இதுக்குப் பாரு, நடுவுல வகிடு” என்றார். “பொண்ணும்மா.”

“ஒரு ரெக்கை கருகிருச்சே சார்.”

“இன்னொண்ணு இருக்குல்ல.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “ரெண்டு வருசமா வலையத் தூக்கிட்டு அலைஞ்சதுக்கு, அப்பவே ஒரு பேட்டு வாங்கியிருக்கலாம்.”

ஊசியில் குத்திய ஈக்குக் கீழே நகமளவு சீட்டு ஒன்று வைப்பார்கள். ஊர், தேதி, எதை வைத்துப் பிடித்தது, பிடித்தவர் பெயர். கொஞ்சம் யோசித்துவிட்டு, கொசு பேட் என்றே எழுதினார். என் பெயர் வேண்டவே வேண்டாம் என்றேன்.

“இம்புட்டுப் பயத்தோட பிடிச்சது நீதானம்மா” என்று அதையும் எழுதினார்.

சார் இப்போது மகன் வீட்டோடு கோவையில் இருக்கிறார். மகளை நோக்கி மஞ்சள் கோடு வந்தால் இன்றும் பேட்டைத் தூக்குகிறேன். தூக்கிவிட்டு, ரெக்கையை எண்ணுகிறேன்.