ஐந்து மணித் தண்ணீர்

'இப்போதே தேர்தலை வைத்துவிட்டால் என்ன? தோற்றாலும் நானாக எழுந்து போனதாக இருக்கும். பிடித்துத் தள்ளியதாக இருக்காது.'

மாரீஸ்வரி இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு எதிரே ஆறு கைகள் உயர்ந்து நின்றன. ஆறாவது கை பாண்டியுடையது. போன கூட்டம் வரைக்கும் அது அவள் பக்கத்துக் கை.

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் குடிநீர்க் கமிட்டி அது. மொத்தம் பதினோரு இடம். ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்று மணிக்குக் கூடும். மாரீஸ்வரி அன்றைக்கு மட்டும் கங்காணியிடம் சொல்லிவிட்டுக் காட்டிலிருந்து முன்னதாக ஏறி வருவாள். அவள் கணவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். அவளுக்காக வேறு யார் வருவார்கள்?

தலைவியாகி எட்டு மாதத்தில் அவள் செய்த ஒரே பெரிய காரியம், தண்ணீர் திறக்கும் நேரத்தை மதியம் இரண்டரையிலிருந்து மாலை ஐந்துக்கு மாற்றியது. செடிக்கு மருந்தடிக்கும் ஆண்கள் இரண்டு மணிக்கே வேலை முடித்து வந்து குழாயடியில் நின்று நிதானமாகக் குளிப்பார்கள். காய் எடுக்கும் பெண்கள் எடை போட்டுவிட்டு நாலரைக்கு வரும்போது குழாய் இருமிக்கொண்டிருக்கும். அப்புறம் குடத்தோடு ஓடைக்கு இறங்க வேண்டும். ஐந்து மணித் தண்ணீர் வந்தபின் ஓடைப் பாதையில் புல் முளைத்துவிட்டது. அந்தப் புல்லைப் பார்க்கும்போதெல்லாம் மாரீஸ்வரிக்கு நெஞ்சு நிறையும். நாற்காலி போனால் மறுநாளே இரண்டரை திரும்பிவிடும்.

"பாதிக்கு மேல கையில்லாம, பூரிபக்சம் இல்லாம நாற்காலில ஒக்காந்துருக்கது மரியாதையில்ல தங்கச்சி" என்றான் சுவக்கீன். எதிரணிக்கு அவன்தான் தலைவன். "ஒண்ணு ராஜி வச்சு எறங்கு. இல்ல, எலக்சன் வை."

"இப்ப என்னண்ணே அவசரம்?"

"ரெண்டு மணிக்கு வந்த மனுசன் அஞ்சு மணி வரைக்கும் மருந்து வாடையோட ஒக்காந்துருக்கான். பெத்த பிள்ள கிட்ட வர மாட்டேங்கு."

"தண்ணி வந்தப்புறமும் நிம்மதியில்ல" என்றான் பாண்டி. "நம்மள வீட்டுல பாத்துட்டாளுகன்னா, குடத்தத் தூக்குங்கிறாளுக."

மாரீஸ்வரி வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டாள். வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு என்று முடிவாகியது.

கமிட்டிக் காரியதரிசி சிஜு அவளோடு மேடேறி வந்தான். நாற்பது வயதுக்காரன். டிவியில் நடக்கும் அரசியல் விவாதம் ஒன்றைக்கூட விடமாட்டான்.

"அக்கா, கமிட்டியக் கலைச்சுருங்க. நீங்க கையெழுத்துப் போட்டா இருவது நாள்ல எலக்சன். இப்ப மழை, தொட்டி ததும்புது. சனங்க நம்ம பக்கம் நிக்கும். மாசியில போனா தொட்டில தவளதான் இருக்கும். அதுக்கு ஓட்டில்ல."

"மொதல்ல பாண்டியக் கூப்பிட்டுப் பேசிப் பாப்போம்."

வியாழக்கிழமை சாயங்காலம் பாண்டி ரொம்பப் பணிவாகப் பேசினான். வாசலில் ஒரு தனிக் குழாய் இருந்தால் மனசு மாறலாம் என்றான். ஆறு மணிக்குக் குழாய் வந்து இறங்கியது. ஏழு மணிக்குப் பாண்டியின் பக்கத்து வீட்டு நல்லதம்பி வந்து நின்றார். மாரீஸ்வரியின் பக்கத்தில் முதல் நாளிலிருந்து இருப்பவர்.

"எட்டு மாசமாக் கை தூக்குறேன். தோள்பட்டை வலிதான் மிச்சம். கட்சி மாறுனவனுக்குப் பைப்பா?" என்றார். அதோடு அவரும் மாறிப் போனார்.

பாண்டியாவது திரும்பினானா என்றால், அவன் குழாயை மாட்டி முடித்துவிட்டு, "பைப்பு வேற, கொள்க வேற" என்று சொல்லிவிட்டான்.

ஏழுக்கு நான்கு.

"இனி யோசிக்கக் கூடாது. எலக்சன்னு சொல்லி பயமுறுத்துவோம்" என்றான் சிஜு. கூட்டம் நடக்கும் கிளப் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சுவக்கீன் பயப்படவில்லை. அரை மணி நேரத்தில் அதன் கீழேயே, 'மீண்டும் இரண்டரை, ஆளுக்கு இரண்டு வாளி' என்று வாக்குறுதி எழுதி ஒட்டினான். விடிந்ததும் ஜீப் ஓட்டும் மாரப்பன் வெள்ளை வேட்டியில் வந்தான். அவனும் அவள் பக்கத்து ஆள்தான்.

"எலக்சன் வருதாமே. தலைவருக்கு நான் நிக்கேன்."

"எனக்கு எதிராவா மாரப்பா?"

"ஒங்களுக்கு எதிரா நிப்பனா? ஒங்க நாற்காலிக்குத்தான் நிக்கேன்."

எட்டுக்கு மூன்று. அந்த மூன்று பேர் மாரீஸ்வரி, சிஜு, அப்புறம் கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடும் கந்தப்பன். பக்கத்திலிருப்பவர் இடித்தால் அவர் கையைத் தூக்குவார்.

நோட்டீஸைக் கிழித்தார்கள். 'பயந்துட்டா' என்ற பேச்சு லயம் லயமாகப் பரவியது. இரண்டு நாள் கிடைத்தால் யாராவது மனசு மாறக்கூடும் என்று வாக்கெடுப்பை ஞாயிறு பதினொரு மணிக்குத் தள்ளினார்கள். யாரும் மாறவில்லை. மாறுவதற்கு ஆளும் மிச்சமில்லை.

சனிக்கிழமை ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து காய் எடுத்துக்கொண்டே அவள் தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். எனக்கு வேண்டியது தண்ணீரா, நாற்காலியா? நாற்காலி இனிக்கத்தான் செய்தது. முதல்முறையாக நாலு பேர் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ஆனால் கனவில் வருவது நாற்காலி இல்லை, அந்தப் புல்தான். அடுத்த வரிசையில் சுவக்கீன் மனைவி கத்தரீனாள் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். கணவனுக்கு எதிராக ஒருத்தியிடம் என்ன கேட்பது?

"என்ன மதினி, முகம் வாடிக் கெடக்கு?"

"நாளைக்குக் கூட்டம்."

"ஞாயித்துக்கெழமயா? நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் கூடையை நகர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மணி பதினொன்று. கலைப்பு நோட்டீஸைச் சிஜு எழுதியே கொண்டு வந்திருந்தான். கையெழுத்து மட்டும் பாக்கி. எட்டு ஆண்களும் குளித்து, தலை சீவி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது பெண்கள் வரத் தொடங்கினார்கள். காய் எடுப்பு இல்லாத நாள். ஈரத்தலையும் பூசைச் சேலையுமாக, குங்குமமும் கனகாம்பரமுமாக, சுவரோரம் நிறைந்து நின்றார்கள். இந்த அறையில் இத்தனை பெண்களை மாரீஸ்வரி ஒருநாளும் பார்த்ததில்லை.

"அஞ்சு மணித் தண்ணி வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க" என்றான் சுவக்கீன், தலைவியைக் கேட்காமலே.

எட்டுக் கைகள். பெண்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"வேணுங்கிறவங்க?"

மாரீஸ்வரி தூக்கினாள். சிஜு தூக்கினான். கந்தப்பனை இடித்தார்கள், அவரும் தூக்கினார். சுவரோரத்தில் சேலை உரசும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அங்கே வளையலும் தழும்புமாகக் கைகள், காய் எடுத்துக் கறுத்த விரல்கள்.

"வேடிக்க பாக்க வந்தவங்க கையையெல்லாம் எண்ணாத சிஜு" என்று சிரித்தான் சுவக்கீன். "எட்டுக்கு மூணு." பேனாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினான். "தங்கச்சி, தோத்தேன்னு எழுத வேண்டாம். கலச்சுட்டேன்னு கையெழுத்தப் போடு. கௌரவமா எறங்கிரலாம்."

இதைத்தானே நான்கு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்? ஆனால் சுவரோரத்துக் கைகள் இன்னும் இறங்கவில்லை. அவற்றைப் பார்த்தபடி தானாக இறங்கிப் போவது கௌரவமாகத் தோன்றவில்லை.

பேனாவை மெதுவாக அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"வேண்டாம்ணே" என்றாள், பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில். "தோத்ததாவே எழுதிக்கிடுங்க. நானா விட்டுட்டுப் போனதா இருக்க வேண்டாம்."

சிஜு எட்டு மாதமாகத் திறக்காத உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தான். யார் யார் எந்தப் பக்கம் என்று குறிக்க, பெயர்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். இரண்டாம் பெயரில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். வாய் திறந்தபடியே இருந்தது.

சுவரோரத்திலிருந்து கத்தரீனாள் முன்னால் வந்து, கணவனின் தோளைத் தட்டி நாற்காலியிலிருந்து எழுப்பினாள்.

"ஏன் நிறுத்திட்ட சிஜு, எழுது. இந்த எட்டு எடத்துல ஆறுக்குப் பொஸ்தகத்துல மெம்பர்னு இருக்கது நாங்க பொம்பளைகதான; எங்க வீட்டு ஆம்பளைக நாங்க காட்டுலருந்து வர்ற வரைக்கும் எங்க நாற்காலி ஆறிப்போகாம பாத்துக்கிட வந்தவுக."