அமெரிக்க ஜனாதிபதிக்குக் கண்ணீர் அஞ்சலி

செத்து இருநூறு வருஷம் ஆனவருக்கு, அதுவும் அமெரிக்காவில் செத்தவருக்கு, சிவகாசியில் போஸ்டர் அடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘காலமானார் டீச்சர்’.

ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தார். அமெரிக்கப் புரட்சிப் பாடம் வந்தால் வகுப்பே இழவு வீடாகிவிடும். பாடத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் பிள்ளைகள் இரங்கல் குறிப்பு எழுத வேண்டும். கல்லறையில் பொறிக்க ஒரு வாசகமும் வேண்டும்.

“நல்லவர், வல்லவர்னு எழுதினா மார்க் கெடையாது. அம்புட்டுப் பேரும் நல்லவுகன்னா சண்டை எதுக்கு வந்துச்சு?” என்பார்.

பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தவருக்கு ஒரு பிள்ளை எழுதியது: ‘இங்கே படுத்திருப்பவர் மழையில் பட்டம் விட்டார். அவரை வீட்டில் யாரும் அடிக்கவில்லை.’ டீச்சர் முழு மார்க் போட்டார்.

நான் அப்போது ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்துகொண்டிருந்தேன். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது டீச்சர் வந்தார். பள்ளிக் கண்காட்சியில் வைக்க, அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டுமாம். எங்கள் முதலாளி அண்ணாச்சி படத்தை வாங்கிப் பார்த்து, வழக்கம்போல் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

“எப்ப தவறுனாக, டீச்சர்?”

“இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சு, அண்ணாச்சி.”

“அப்ப கண்ணீர் அஞ்சலி வராது. நினைவஞ்சலிதான் போடணும்.”

“எம்புள்ளைகளுக்கு நேத்துதான தெரியும்?”

அண்ணாச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. டீச்சர் சொன்ன வாசகத்தை அப்படியே அடித்தேன்: ‘நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தார். வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். பல் போனதால் அதிகம் சிரிக்கவில்லை.’

போஸ்டர் ஒட்டுகிறவர் கறுப்பு பார்டரைப் பார்த்துவிட்டால் வேறெதையும் வாசிக்க மாட்டார். நூறுக்குக் குறைந்து அடிக்க முடியாதென்று மொத்தமாக அடித்து வாசலில் வைத்திருந்த போஸ்டர் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒட்டிவிட்டார்.

“யாருலே இது, சடை வச்சிருக்காரு?” என்றார் டீக்கடைக்காரர்.

“வடக்கத்திப் பார்ட்டியா இருக்கும். பெரிய ஆர்டரெல்லாம் குடுத்திருப்பாக, பாவம்” என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

மத்தியானத்துக்குள் ஒரு போஸ்டருக்கு மாலை விழுந்துவிட்டது.

சாயங்காலம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி பள்ளித் தாளாளர் அறைக்குள் கொதித்துக்கொண்டு நுழைந்தார். அவருடைய அப்பாவுக்குப் பல் இல்லை. வேலையாட்களை அவர் நடத்திய விதமும் ஊரறிந்தது. “படத்தை மாத்திப் போட்டு எங்கப்பாவத்தான் சாடை பேசியிருக்காக!” என்றார். தாளாளர் டீச்சரை அழைத்தார். மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும்.

டீச்சர் பட்டாசு முதலாளியைப் பார்த்துக் கேட்டார்: “ஒங்கப்பா அமெரிக்காவுக்கு ஜனாதிபதியா இருந்தாகளா, சார்?”

“இல்ல.”

“பெறகு, அவுகளுக்குப் பொருந்துதுன்னு ஏன் நெனைக்கீக?”

அவர் எழுந்து போய்விட்டார். பிறகு மன்னிப்புக் கடிதத்தை டீச்சரிடம் யாரும் கேட்கவில்லை.

சில மாதங்களில் அந்தப் பல்லில்லாத பெரியவர் தவறிப்போனார். மகன் அச்சகத்துக்கு வந்தார். அண்ணாச்சி எப்போதும் போடும் ‘ஏழைகளின் ஒளிவிளக்கே’ மாதிரியைக் காட்டினார். அவர் அதைத் தள்ளி வைத்தார்.

“இது எங்கப்பா இல்ல அண்ணாச்சி. அந்த டீச்சர வரச் சொல்லுங்க.”

டீச்சர் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். அப்புறம் எழுதிக் கொடுத்தார்: ‘முன்கோபி. வேலையாட்களை வாட்டினார். திட்டி முடித்ததும், சாப்பிட்டியா என்பார். ஆயுளெல்லாம் வெடி செய்தார். தீபாவளியன்று சத்தத்துக்குப் பயந்து நாயோடு கட்டிலுக்கடியில் இருந்தார்.’

மகன் வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். பிறகு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, சிறுபிள்ளை மாதிரி அழுதார். டீச்சர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, என்னிடம் எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார்.

ஓய்வுபெற்ற பிறகு டீச்சர் சாத்தூரில் தங்கை வீட்டில் இருக்கிறார். மதுரைக்கு வந்துவிட்ட நான், அந்த ஊர்க் காராச்சேவு வாங்கி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு மாதம் ஒருமுறை அங்கே போய் இறங்குகிறேன். எங்கள் வீட்டில் சேவு யாரும் தின்பதில்லை.