லீவு கேட்ட பிள்ளைகள்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நான் நலமா என்பது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தைகளுமாவது நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். போனில் நீங்கள் “அத்தான், என்னதான் நடக்குது அங்க?” என்று கேட்டபோது “ஒண்ணுமில்ல மச்சான்” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. வாயால் சொன்னால் எனக்கே கோர்வையாக வராது என்பதால் எழுதுகிறேன். தங்கச்சியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உறவுமுறைக் குழப்பம் நிறைய வரும், உங்களால் தனியாகச் சமாளிக்க முடியாது.

முதலில் முக்கியமான விஷயம். நீங்கள் சொன்னபடியே அங்கே வந்துவிடுகிறேன். டிக்கெட் வாங்கியாயிற்று, வீட்டுக்காரரிடம் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. உங்கள் அக்கா போன பிறகு இந்த ஊரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள்? நான் உண்டு, என் லிப்ட் ரிப்பேர் வேலை உண்டு என்று வாழ்நாள் பூரா அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏறி இறங்கியவன். எனக்கு அறிமுகமானவர்கள் எல்லாம் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள்தான், அவர்களும் கதவைத் திறந்துவிட்டதும் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள். ஊரைத் தெரிந்து வைத்திருந்தவள் உங்கள் அக்காதான். எவ்வளவு தெரிந்து வைத்திருந்தாள் என்பது அவளை அடக்கம் செய்த மறுநாள்தான் எனக்குத் தெரிய வந்தது.

மறுநாள் காலையில் ஒரு போன். ரொட்டித் தொழிற்சாலை மேலாளராம். (அவர் பேசியது இந்த ஊர்ப் பாஷை, உங்களுக்காக நம் பாஷையில் எழுதுகிறேன்.) “உங்க மனைவி காலமானதுக்கு வருந்துறேன். உங்க மகன் அம்மா இறந்துட்டாங்கன்னு லீவு கேட்டிருக்கார், உறுதிப்படுத்தத்தான் கூப்பிட்டேன்” என்றார். நான், “சார், எங்களுக்குப் பிள்ளை குட்டியே கிடையாது” என்றேன். அவர் “அப்படியா?” என்றார். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் பஸ் டிப்போவிலிருந்து இன்னொரு போன், இன்னொரு மகன். அவரிடமும் இல்லை என்றேன். அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாள், “உங்க மகள்…” என்று ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்! செத்தவள் பேரைச் சொல்லி லீவு எடுக்க ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது, அகப்பட்டால் தோலை உரித்துவிடுகிறேன் என்று அந்த அம்மாளிடம் கத்தினேன். கடமையைச் செய்துவிட்ட திருப்தியில் சாப்பிட உட்கார்ந்தேன், மச்சான். அதுதான் நான் செய்த பெரிய கூத்து.

சாயங்காலம் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், தாடி, நல்ல உயரம், சட்டைக் கையில் மாவு. “அப்பா, ஏன்ப்பா இப்படிச் சொல்லிட்டீங்க?” என்றான். நான் என் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். உங்கள் அக்கா “ரொட்டி வந்தான், ரொட்டி போனான்” என்று அடிக்கடி சொல்வாள். நான் ரொட்டி விற்பவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன்தான் இவன். அவன் வேலை செய்யும் இடத்தில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை இந்த நான்கு பேரில் யாராவது செத்தால்தான் துக்க லீவாம். “அம்மா மாதிரின்னு சொல்லிப் பார்த்தேங்க. ‘மாதிரி’க்கெல்லாம் லீவு கிடையாதுன்னுட்டாங்க. அதனால அம்மான்னே சொன்னேன். நீங்க இல்லைன்னதும் பொய் சொன்னேன்னு வேலைக்கு வராதேன்னுட்டாங்க” என்றான். இந்த ஊரில் அவனை மாதிரி வந்தவர்களுக்கு வேலை போனால் தங்கும் அனுமதியும் போய்விடும், மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒருவனை ஒரே வாக்கியத்தில் நாடு கடத்தியிருக்கிறேன், அதுவும் உண்மையைச் சொல்லி.

“அவளை எப்படிப்பா உனக்குத் தெரியும்?” என்று கேட்டேன். “எங்கம்மா ஊர்ல செத்தப்ப என்னால போக முடியல. போனா திரும்ப உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோன்னு பயம். ரூம்ல தனியா கிடந்தேன். யாரு சொன்னாங்களோ, இவங்க வேலைக்கு மட்டம் போட்டுட்டு வந்து நாள் பூரா கூடவே உட்கார்ந்திருந்தாங்க. ‘அழுடா, நான் இருக்கேன்’னாங்க, அவ்வளவுதான்.” எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. தான் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் வேலை அதிகம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நானும் தலையை ஆட்டிவிட்டு லிப்டைப் பார்க்கப் போனேன்.

உங்கள் அக்கா முதன்முதலில் இந்த ஊரில் வந்து இறங்கிய கதையை உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? விமான நிலையத்தில் நான் புது மனைவிக்காகக் காத்திருக்கிறேன், அவள் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். “இவளைக் கூட்டிட்டுப் போக வேண்டியவன் வரலைங்க, நம்மகூட வரட்டும்” என்றாள். புருஷனிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அந்தப் பெண்ணும் இவளும் அறையில் படுத்தார்கள், நான் சமையல்கட்டில் காஸ் அடுப்புக்குக் கீழே கால் நீட்டிக் கிடந்தேன். அந்தப் பெண்தான் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் தோலை உரிப்பதாகச் சொன்ன மகள். பிறகு உங்கள் அக்கா ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி போடும் வேலைக்குப் போனாள் அல்லவா, அங்கே நீராவியில் பெண்கள் மயங்கி விழுவார்கள், ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் ஆணியடித்து வைத்திருந்தான். இவள் என் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துப் போய் ஜன்னலையே சட்டத்தோடு கழற்றி அவன் மேஜைமேல் வைத்துவிட்டாள். “நீங்கதான் திறக்கக் கூடாதுன்னீங்க, நான் திறக்கலையே” என்றாளாம். திருப்புளி காணோம் என்று நான் கம்பெனியில் அபராதம் கட்டியதுதான் எனக்குத் தெரியும், மற்றதெல்லாம் சாவுக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரிகிறது. நான் யாரோடு குடித்தனம் நடத்தினேன் என்றே எனக்கு விளங்கவில்லை.

சரி, மறுநாள் ரொட்டியைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். மேலாளர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “நேத்து பிள்ளையே இல்லைன்னீங்களே?” என்றார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போன பதில் நாக்கிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. “கோபத்துல சொன்னேன் சார். இவன் எனக்குப் பிள்ளையே இல்லைன்னு தலைமுழுகிட்டேன்” என்றேன். அவர் முகம் மாறியது. “எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான், நானும் வாரத்துக்கு ஒருதடவை அப்படித்தான் சொல்றேன்” என்றார். அதோடு விட்டாரா? “பையன் பேரை உங்க வாயால சொல்லுங்க, பதிவோட ஒத்துப் பார்க்கணும்” என்றார். மச்சான், எனக்கு என் பிள்ளையின் பெயர் தெரியாது. “வீட்ல ரொட்டின்னுதான் கூப்பிடுவோம் சார்” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, “அப்போ சரியான இடத்துக்குத்தான் வேலைக்கு வந்திருக்கான்” என்றார். பிறகு, இருவரும் தம் கண்ணெதிரே சமாதானமாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் நடிப்புக்காகத்தான் அவனைக் கட்டிப்பிடித்தேன். அடக்கத்தின்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை, கல்லு மாதிரி நின்றேன் என்று வீடியோவில் பார்த்துவிட்டு நீங்களே வருத்தப்பட்டீர்கள். அந்த மாவு வாசனைச் சட்டையில் முகத்தை வைத்ததும் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது, நிறுத்தவே முடியவில்லை. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, லீவும் கொடுத்தார்கள்.

பஸ் டிப்போவில்தான் மானம் போயிற்று. அங்கே இருந்த மகனுக்குத் தலை முழுக்க நரை, என்னைவிட மூத்தவர். “நான் அவங்கள அம்மான்னுதான் கூப்பிடுவேன், அதையே சொல்லிட்டேங்க” என்று என் காதில் குசுகுசுத்தார். மதிக்கத்தக்க பெண்ணை வயசு பார்க்காமல் அம்மா என்போம் என்று அந்த அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது? மாற்றாந்தாய் என்றேன். அப்படியானால் இவருடைய அப்பா யார் என்றார். என் அண்ணன் என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியில், உங்கள் அக்காவை இல்லாத அண்ணனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்து, அவரை மாரடைப்பில் சாகடித்து, அப்புறம் நான் கட்டிக்கொண்டதாக முடிந்தது. அதிகாரி லீவைக் கொடுத்துவிட்டு, எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். உங்களிடம் யாராவது விசாரித்தால் முதல் அத்தான் தங்கமானவர் என்று சொல்லிவையுங்கள். நர்ஸ் மகளிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். “அப்பா கத்தினதுனாலதான் எங்க மேடம் நம்பினாங்க, சொந்த அப்பாதான் அப்படிக் கத்துவாராம்” என்றாள்.

இத்தனை களேபரத்துக்குப் பிறகு எனக்கு ஓய்வு வேண்டும். பின்பக்கத்து அறையில் ஒரு கட்டில் போதும். சாப்பாட்டில் குறை சொல்லமாட்டேன், குறட்டை மட்டும் உண்டு. இங்கே எனக்கென்று யாரும் இல்லை என்று மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய் நொடியில்லாமல், உங்கள் அக்காவைப் போல் வாயும் கையும் பெரிதாக வளர வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு பெண் பெட்டியோடு வந்து நின்றாள். இந்த ஊருக்குப் புதிது. வந்து இறங்கியதும் நேராக வீட்டுக்கு வா என்று உங்கள் அக்கா போனில் சொல்லியிருந்தாளாம், செய்தி தெரியாது. “அம்மா இருக்காங்களா?” என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, “உள்ள வாம்மா” என்றேன். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வீட்டுக்காரரிடமும் காலி செய்யவில்லை என்று சொல்லியாயிற்று, கட்டில் வாங்கியிருந்தால் மன்னிக்கவும். நர்ஸ் மகள் சொல்லி அந்தப் பெண்ணுக்கு அதே சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே உறவு யார் என்று கேட்டார்களாம், என்ன சொல்வது என்று என்னிடம் வந்து நின்றாள். அப்பா என்று சொல்லிவிடு என்றேன். என் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாவற்றையும் உட்கார வைத்து மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் பாவம், அவளுக்கு லீவு கிடைக்க வேண்டாமா?