கழுத்துப்பட்டையைக் கழற்ற மாட்டேன்

எலும்புகளின் காவலரும், நரம்புகளின் நண்பரும், என் அக்காள் பெற்ற ஒரே பிசியோதெரபிஸ்டுமான மருமகப்பிள்ளைக்கு, நிமிர்ந்த தலையுடன் மாமா எழுதுவது. கழுத்துக்கு மேலே நலம். கழுத்துக்குக் கீழேயும் நலம். நடுவில் இருப்பதைப் பற்றியே இக்கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கழுத்துப்பட்டை சில நாளைக்குத்தான், மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிந்தால் தசையெல்லாம் சோம்பேறியாகிவிடும், கழற்றிவிட்டு உடனே பயிற்சிக்கு வாருங்கள் என்று நீ உத்தரவிட்டாய். முடியாது. காரணத்தைக் கேள்.

உன் ஆஸ்பத்திரியில் என்னை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் அடுப்பில் ரொட்டியைத் தள்ளுவதுபோலத் தள்ளி, உலகத்துத் தகரங்களையெல்லாம் காதருகே தட்டிப் படம் பிடித்தார்களே, அந்தப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கவேண்டிய டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, அதனால்தான் வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன என்றார். விலகியதில் எனக்கு வியப்பே இல்லை. என் தலையாட்டலை இத்தனை காலம் தாங்கிய பதவியிலிருந்து மானமுள்ள எவரும் விலகத்தான் செய்வார்கள். கத்தி வைப்பீர்களா என்று கேட்டேன். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது, பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்றவர், கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா கையில பிடி தளர்ந்து சாமான் நழுவ ஆரம்பிச்சா, அன்னைக்கே வந்துடணும். தள்ளிப்போட்டா அந்தக் கை பழையபடி ஆகும்னு நான் சொல்ல முடியாது."

சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்கும் மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

குனிந்து குனிந்து அச்சுப்பிழை திருத்தியதால் வந்தது என்பது அவர் கட்சி. எனக்கல்லவா தெரியும், எங்கள் அச்சக முதலாளி வாயைத் திறக்குமுன் என் தலை ஆமாம் போட்ட கதை! பட்டையோடு வேலைக்குப் போன முதல் நாள், பிழைதிருத்தும் மேசையைத் தூக்கி, மெஷின் அலறும் காகிதக் கிடங்குக்குள் போட்டுவிடலாம் என்று அவர் ஒரு யோசனை சொன்னார். வழக்கப்படி ஆட்டத்தான் முயன்றேன். பட்டை விடவில்லை. வலி தாங்காமல், பீரங்கி திரும்புவதுபோல் உடம்பு மொத்தத்தையும் திருப்பி அவரைப் பார்த்தேன். மனிதருக்கு நெற்றி வியர்த்துவிட்டது.

"என்ன சார், உங்களுக்கு இதுல இஷ்டமில்லையா?"

பீரங்கி அவரை நோக்கியே நின்றது.

"சரி விடுங்க, மேசை அங்கயே இருக்கட்டும்."

இரண்டு சாம்ராஜ்யங்கள் மோதியிருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் வெள்ளைக்கொடி பறந்திருக்காது. இப்போதெல்லாம் நான் மாடிப்படி ஏறினால் அவர் ஒதுங்கி வழி விடுகிறார். காலமெல்லாம் பேசிப் புரியவைக்க முடியாததை ஒரு பஞ்சுப்பட்டை புரியவைத்துவிட்டது.

வீட்டிலும் ஆட்சி மாறிவிட்டது. உன் அத்தை, அந்த மகாராணி, ஜன்னல் திரைச்சீலை வாங்க என்னை இழுத்துப் போய், துணியை விரித்து விரித்து, "நல்லாத்தானே இருக்கு?" என்றாள். தலை அசைந்தால்தானே! கடைக்காரர் கடையைக் கவிழ்த்துக் கொட்டியும் அசையவில்லை. திரைச்சீலையே வேண்டாம் என்று திரும்பினாள். அன்றிலிருந்து என் எதிரே நின்று பேசவே அஞ்சுகிறாள். நான் சொல்லச் சொல்ல அப்படியே செய்கிறாள்; ஒரு சொல் மறுப்பதில்லை.

என் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவியதாக அவள் உன் அம்மாவிடம் சொன்னாளாம். அவதூறு. அந்தக் கோப்பை பிறவியிலேயே வழுக்கல். அதற்கு முன் விழுந்த சாவிக்கொத்தும், அதற்கும் முன் விழுந்த மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான். இந்தக் காலத்துப் பொருள்களுக்கே ஒழுக்கம் குறைந்துவிட்டது. இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓட முடியுமா? அவர் பட்டையைப் பிடுங்கிக்கொள்வார்; மறுநாளே என் மேசை கிடங்குக்குப் போய்விடும்.

உன் முதுகெலும்புகள் சண்டை சச்சரவின்றி வரிசையில் நின்று, நீ நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். நின்றபடியே.

இப்படிக்கு,
எவருக்கும் வளையாத
உன் மாமா

பி.கு.: தம்பி, அத்தை எழுதறேன். மேலே இருக்கறதும் என் கையெழுத்துதான், பார்த்ததுமே கண்டுபிடிச்சிருப்ப. கொஞ்ச நாளாவே மாமாவுக்குப் பேனா பிடிக்க வரலை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எதையும் மாத்தலை; மகாராணி மட்டும் என் திருத்தம், அவர் சொன்ன வார்த்தை வேற. முடிச்சதும், கையெழுத்தாவது நீங்க போடுங்கன்னு பேனாவை நீட்டினேன். கீழே விழுந்துடுச்சு. எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் விழுந்துச்சு. அப்புறம் பட்டையைக் கழற்ற அவரே கையைக் கொண்டுபோனார்; விரல் ஒத்துழைக்கலை, நான்தான் பிரிச்சு எடுத்தேன். இப்பவே கிளம்பறோம். அவரையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்தே உன்கிட்ட கொண்டு வர்றேன். முதல்ல அவர் கையைப் பாரு. கடிதத்தை அப்புறம் படிச்சுக்கலாம்.